ஆணியடித்த மீன் பெட்டி

அந்த ஆண்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் வயதுக்காரர்கள் நீங்கள் எல்லோரும் விடுதலைக் கொடி ஏறிய நாளைத்தான் சொல்கிறீர்கள். பள்ளியில் கொடுத்த காகிதக் கொடி, கையில் ஒட்டிய மிட்டாய், வரிசையில் நின்று கால் கடுத்தது. சொல்லுங்கள், நானும் தலையாட்டிக்கொண்டு கேட்கிறேன். ஆனால் எனக்கு அந்த ஆண்டு என்றதும் முதலில் வருவது உப்பு மீன் வாடை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுத்தவள் இதை மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். எழுபது நெருங்குகிறது. இனியும் தள்ளிப்போட்டால் நன்றாக இருக்காது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மேட்டு ஊரான வக்குவாவில் சந்தைக்குப் பின்னால் இறங்குகிற தெருவில், தகரக் கூரை போட்ட மரவீடு எங்களுடையது. அந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். கொடியில் போட்ட துணி காய்ந்துவிட்டால் அம்மா அன்றைக்கு ஒரு சூடம் கூடுதலாக ஏற்றுவாள். அப்பா அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். காலையில் பேருந்தில் தீவின் தலைநகரான போர்ட் லூயிக்கு இறங்குவார், மாலையில் ஏறி வருவார். வீட்டில் பேச்சு தீவுமொழியான கிரியோலில்தான். தமிழ் என்பது கோயிலுக்கும் உறவுமுறைக்கும் கோபத்துக்கும். அவர்கள் பேசியதை இங்கே நான் தமிழாக்கித் தருகிறேன். கொஞ்சம் என் சொந்தச் சரக்கும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய ஆகஸ்டில் வாக்கெடுப்பு முடிந்திருந்தது. விடுதலை வேண்டும் என்றவர்கள் ஜெயித்தார்கள். வேண்டாம் என்றவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவு பேர் இருந்தார்கள், அதுதான் சிக்கல். எங்கள் வீட்டிலேயே அப்பா வேண்டும், மாமா வேண்டாம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மூன்று தெரு தள்ளி இருந்தார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வருவார், சாப்பிட்ட கையோடு சண்டை போடுவார்.

"நாடு நம்ம கைக்கு வந்தா நாமே பயிர் வச்சு நாமே சாப்பிடுவோம்" என்பார் அப்பா.

"எதைப் பயிர் வைப்பீங்க? இங்க இருக்கிறது கரும்பு. கரும்பைக் கடிச்சா வயிறு நிறையுமா? அரிசி கப்பல்ல வருது, கப்பல் வெள்ளைக்காரனோடது. அவன் போற அன்னிக்கு நீங்க கடற்கரையில நின்னு கை ஆட்டுங்க. நான் ஆஸ்திரேலியாவுல இருந்து பதிலுக்கு ஆட்டறேன்."

"போங்களேன். யார் பிடிச்சு வச்சா?"

அம்மா நடுவில் ஒரு கரண்டி ரசத்தை யாருடைய இலையிலாவது ஊற்றிவிடுவாள். இலையை மடிக்க முடியாமல் சண்டை கொஞ்சம் ஆறும்.

நவம்பரில் இங்கிலாந்து தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது, கூடவே நம் ரூபாயும் இறங்கியது. வானொலியில் அதைக் கேட்டபோது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மறுவாரம் தெருமுனைச் சீனக் கடைக்காரர் எண்ணெய் விலையை அழித்து எழுதினார். அதற்கு மறுவாரம் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் அரிசி என்று சொல்லத் தொடங்கினார். அப்புறம் என் கட்டில் உயர ஆரம்பித்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார். அடியில் அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, சோப்புக் கட்டி, மெழுகுவத்தி, தகர டப்பாவில் தீப்பெட்டி. கிறிஸ்துமஸ் வருவதற்குள் நான் ஏணி மாதிரி ஒரு முக்காலி போட்டு ஏறிப் படுக்கவேண்டியதாயிற்று. வாசலில் நின்று "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று தெருவுக்கே தைரியம் சொன்ன மனிதர், பின்கதவு வழியாக மூட்டை இறக்கினார். மாமாவுக்கு அப்போதே இது தெரிந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்.

"யார் கிட்டயும் மூச்சு விடாதே" என்று எனக்கு உத்தரவு. "பக்கத்து வீட்டுல முக்கியமா."

பக்கத்து வீடு தாந்தினுடையது. கிரியோலில் அத்தை, சித்தி எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான், நானும் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். கடலோரக் கிராண்ட் பேயில் மீனவர் வீட்டுப் பெண். கல்யாணமாகி மேட்டுக்கு வந்து, ஊர்த் துணியெல்லாம் வாங்கித் துவைத்து, கரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தாள். அந்த இஸ்திரிப் பெட்டியின் மூடியில் சின்னதாக ஒரு பித்தளைச் சேவல் இருக்கும். அதைத் தொட எனக்கும் அவள் மகளுக்கும் போட்டி. அவள் மகளும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவளுக்குக் கீழே ஒரு கைக்குழந்தைத் தம்பி. தாந்தினின் கணவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். வேலைக்குப் போனால் அன்றைக்குக் கூலி, போகாவிட்டால் இல்லை. அவர் வேண்டாம் என்று வாக்களித்தவர். அது எங்களுக்குத் தெரியும், அப்பா எப்படி வாக்களித்தார் என்பது அவர்களுக்கும் தெரியும். மூங்கில் வேலியின் சந்து வழியாகக் குழம்புக் கிண்ணம் போய்வந்துகொண்டிருந்த வரைக்கும் யாரும் அதைப் பேசவில்லை.

இங்கே நம் காவடி வழக்கத்தைச் சொல்லவேண்டும். கோயிலில் கொடி ஏறுவதற்கு முதல் நாள் வீட்டில் மீன், முட்டை என்று எது இருந்தாலும் வெளியே போய்விடும். புளி போட்டுப் பாத்திரம் தேய்த்து, தரை கழுவி, பத்து நாள் நோன்பு. எங்கள் வீட்டில் மிஞ்சிய மீன் ஒவ்வொரு வருடமும் வேலிச் சந்து வழியாகத் தாந்தினிடம் போகும். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "முருகனுக்கு வேண்டாம்னா எங்களுக்கு வேணும்" என்று சிரிப்பாள். கொடுத்ததை யாரும் திரும்பக் கேட்டது கிடையாது. காவடி அன்று அவர்கள் நால்வரும் கோயிலுக்கு வந்து எங்களோடு வாழையிலை போட்டு ஏழு கறியும் சாப்பிட்டுப் போவார்கள். பதிலுக்குப் பதில் என்று இதை யாரும் நினைத்ததில்லை. வருடா வருடம் நடந்தது, அவ்வளவுதான்.

அந்த ஜனவரியில் போர்ட் லூயியில் கலவரம் வந்தது. யார் யாரை அடித்தார்கள் என்று வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் வேறு கதை. அப்பா ஒரு நாள் மத்தியானமே வீடு திரும்பினார். சட்டைப்பையில் பேனா இல்லை. எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வெள்ளைச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள், ஊரடங்கு போட்டார்கள். தாந்தினின் கணவர் துறைமுகத்துக்கு இறங்குவதை நிறுத்தினார். முதல் வாரம் வீட்டுக் கூரையைப் பழுது பார்த்தார். இரண்டாம் வாரம் படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அந்த வழியாகப் போனால் எப்போதும் என் சடையைப் பிடித்து இழுக்கிறவர், அந்த வாரம் இழுக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் நோன்பு நெருங்கியது. அப்பாவின் சேமிப்பில் ஒரு மரப்பெட்டி நிறைய உப்பு மீனும், அதற்கு அடியில் டின் மீனும் இருந்தன. பெட்டி இருக்கட்டும், மூடித்தானே கிடக்கிறது என்றார் அப்பா.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கொடி ஏறினப்புறம் இந்தக் கூரைக்குக் கீழ மீன் இருக்கக் கூடாது. இந்த வருசம் காவடி எடுக்கிறது யாரு? நீங்க. நாடு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டது யாரு? நீங்க. கட்டிலுக்கு அடியில மீனை வச்சுக்கிட்டு காவடியைத் தூக்குவீங்களா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"வழக்கமா பண்றதுதான். தாந்தின்கிட்ட குடுத்துடுவோம்."

"வழக்கமா ரெண்டு துண்டு இருக்கும். இது ஆறு மாசத்துக்கு உள்ளது. கப்பல் வரலேன்னா நம்ம பிள்ளை எதைத் தின்னும்?" அப்பா சுத்தியலை எடுத்தார். "குடுக்கலே. வைக்கச் சொல்றோம். பத்து நாள்."

ஆணி அடித்தார். அந்தச் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்காதா? கேட்டிருக்கும். பெட்டியை அவரும் அம்மாவும் தூக்கிக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிப் போனார்கள், சந்தில் நுழையாது. நான் பின்னாலேயே போனேன். தாந்தின் வாசலில் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினாள். அப்புறம் ஆணிகளைப் பார்த்தாள்.

"வைக்கணுமா, மதாம்?"

"பத்து நாள்தான்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

"சரி." தாந்தின் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "ஆனா மிஸ்யே, உப்பு மீனை இப்படி அடைக்கக் கூடாது. இந்த ஊர் ஈரத்துக்கு வேர்த்துப்போகும். நடுநடுவுல வெயில் காட்டணும்."

"மூடியே இருக்கட்டும்" என்றார் அப்பா.

அந்தப் பத்து நாளில் ஏழு நாள் மழை. பள்ளியில் தாந்தினின் மகள் இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். "உனக்கும் நோன்பு, எனக்கும் நோன்பு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் டப்பாவில் ரொட்டியும் பூசணிக்காய்க் கூட்டும் இருந்தன. பாதி கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, தோன்றவில்லை. அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவள் வெறும் அவித்த பச்சைப் பப்பாளியைக் கொண்டுவந்து தின்றபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் நாள் வெயில் அடித்தது. தகரக் கூரையிலிருந்து ஆவி கிளம்பியது. வேலிச் சந்தில் தாந்தினின் மகள் தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்துகொண்டிருந்தது.

"மம்மா கேக்கச் சொன்னாங்க. பெட்டி நாறுது. இன்னிக்கு வெயில் இருக்கு, ஆணியைப் பிடுங்கி மீனைக் காயப் போடலாமா? சாயங்காலம் திருப்பி வச்சு அடிச்சுடறோம்."

ஓடிப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் காவடிக்கு மூங்கிலை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மாமா முக்காலியில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவுக்கு எழுதவேண்டிய காகிதங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

மாமா தலையைத் தூக்காமலே சிரித்தார். "வெயிலாம்! வயிறு காயுது, அதைச் சொல்ல வெட்கம். ஒரு தடவை ஆணியைக் கழட்டினா அப்புறம் உள்ள என்ன மிஞ்சும்?"

அப்பா மூங்கிலை முடிச்சுப் போட்டு இறுக்கினார். "வேண்டாம்னு சொல்லு. அப்படியே இருக்கட்டும்."

ஆகஸ்டிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் அன்றைக்கு ஒத்துப்போனார்கள். கோயிலில் நாட்டுக்காக வேண்டிக்கொண்டவரும் நாட்டை விட்டு ஓடப் பார்த்தவரும் ஒரு மீன் பெட்டி விஷயத்தில் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

அவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. சந்துக்குத் திரும்பிப் போனபோது மாமாவின் சிரிப்பு என் காதில் இருந்தது. பெரியவர்களின் ரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்த மிதப்பு இருந்தது. வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"பா தூசே. தொடாதீங்க. அப்பா ஆணி மேல அடையாளம் போட்டு வச்சிருக்கார். நீங்க எடுத்தா தெரிஞ்சிடும்."

அப்பா அடையாளம் எதுவும் போடவில்லை. அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவும் இல்லை. முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. அவள் என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த தம்பியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் பள்ளியில் பின்வரிசைப் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

காவடி அன்று அப்பா நாக்கில் வேல் குத்தி, பூவும் எலுமிச்சையும் தொங்கும் காவடியைத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தார். அம்மா பால்செம்பு எடுத்தாள். சாலை ஓரத்தில் வழக்கமாக நிற்கிற கூட்டத்தில் பாதிகூட இல்லை. பல வீடுகளில் ஜன்னல் சாத்தியிருந்தது. கோயிலில் இலை போட்டபோது அம்மா எங்களுக்குப் பக்கத்தில் நாலு இலைக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர்கள் இரண்டு தடவை வந்து கேட்டார்கள். மூன்றாம் தடவை அந்த இடத்தில் வேறு யாரையோ உட்கார வைத்தார்கள்.

மறுநாள் காலை அவர்களே பெட்டியைக் கொண்டுவந்தார்கள், தாந்தினும் கணவரும். தெரு முழுக்க வாடை. தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் நிமிர்ந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தாந்தின் அம்மாவிடம் பேசினாள், சத்தமாக இல்லை.

"மதாம், மிஸ்யேவைக் கூப்பிடுங்க. அவர் போட்ட அடையாளம் சரியா இருக்கான்னு எங்க முன்னாடியே பார்த்துக்கட்டும்."

"என்ன அடையாளம்?" என்றாள் அம்மா.

"எடுத்தா தெரிஞ்சிடும்னு ஆணி மேல போட்டது. சின்னவ கிட்ட சொல்லி அனுப்பினாரே."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. வாயைத் திறந்தார். நாக்கில் வேல் குத்திய இடம் வீங்கியிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடப்போகிறார், எல்லோர் முன்னாலும் நான் நாறப்போகிறேன் என்று நினைத்தேன்.

அப்பா குனிந்தார். வேட்டியை மடக்கிக்கொண்டு பெட்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆணியாக விரலால் தடவிப் பார்த்தார், இல்லாத அடையாளத்தை.

"சரியா இருக்கு" என்றார்.

தாந்தின் தலையசைத்தாள். இருவரும் திரும்பிப் போனார்கள்.

"நீங்களா அப்படிச் சொல்லி அனுப்பினீங்க?" என்றாள் அம்மா.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

திறந்தபோது மேலே இருந்த மீனெல்லாம் கூழாகி, புழு நெளிந்தது. அடியில் டின்களின் மேல் துரு. அப்பா லிச்சி மரத்தடியில் குழி தோண்டி மீனைப் புதைத்தார். அம்மா சீனக் கடைக்கு நெய்விளக்குத் திரி வாங்கப் போனவள் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாள். கடை அலமாரியில், பிஸ்கோத்து டப்பாக்களுக்கு நடுவே, பித்தளைச் சேவல் வைத்த இஸ்திரிப் பெட்டி இருந்ததாம். அதை அடகு வைத்துத்தான் அந்த வீட்டில் ஒரு வாரம் அரிசி வாங்கியிருக்கிறார்கள். ஒரு வாரம். எங்கள் பெட்டி அவர்கள் முன்னறையில் இருந்த அதே வாரம்.

அம்மா என் கட்டிலுக்கு அடியிலிருந்து அரிசியை அள்ளினாள். துரு துடைத்த டின்களையும் எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். சந்து இல்லை. புது மூங்கில் வைத்து நெருக்கமாகப் பின்னியிருந்தார்கள். தெரு வழியாகச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள். தாந்தின் கதவைத் திறந்து, நல்லவிதமாகத்தான் பேசினாள்.

"வேண்டாம், மதாம். உங்க வீட்டுச் சாமான் உங்க வீட்டுல இருக்கட்டும்."

மார்ச் மாதம் நாட்டின் கொடி ஏறுவதற்கு முன்பே அவர்கள் கிராண்ட் பேக்கு, தாந்தினின் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார்கள். லாரியில் மெத்தையின் மேல் அவர்கள் மகள் தன் தம்பியோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெளியே போகவில்லை. கொடி ஏறிய அன்று அப்பா போர்ட் லூயிக்குப் போகாமல் வானொலியில் கேட்டார். அரிசிக் கப்பல் வருவது நிற்கவில்லை. விலை ஏறியது, வேலை இல்லாமல் பலர் அலைந்தார்கள், எங்களுக்கும் இழுபறிதான். ஆனால் யாரும் பட்டினியால் சாகவில்லை. மாமா கம்பளிக் கோட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலியா போனார். கட்டிலடி அரிசியில் வண்டு விழுந்து, கோழிகளுக்குப் போட்டோம். செங்கல்லை எடுத்த பிறகு கட்டில் எனக்கு ரொம்பத் தாழ்வாகத் தோன்றியது.

அதன் பிறகு அம்மா சாகும் வரை, ஏதாவது கோபம் வந்தால் அப்பாவை "அடையாளம் போட்ட மனுசன்" என்பாள். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வாள், என் கல்யாணத்தன்றுகூடச் சொன்னாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வார். நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் காபி கலக்கப் போனேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அம்மா போன பிறகு ஒரு நாள் அப்பாவும் நானும் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மாடிவீடு கட்டியிருந்தார்கள்.

"அப்பா, அந்த மீன் பெட்டி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் கையைத் தட்டினார். "மழை வருது, எழுந்து போய் துணியை எடு."

நான் எழுந்து போய்க் கொடியிலிருந்த துணியையெல்லாம் எடுத்தேன். எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தன. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.